108 யார் வீட்டுத் தர்மம்?

108 என்கின்ற எண் நமது நாட்டில் வெகுகாலமாகவே பேர்போன எண்ணாகும். சாமிக்கு 108 போற்றி சொல்லுவதும், அனுமாருக்கு 108 வடை கோத்து மாலை போடுவதும், பிள்ளையாருக்கு 108 தேங்காய் உடைப்பதும், அரசமரத்தை 108 தடவை சுற்றினால் பிள்ளை பிறக்கும் என்று பெண்களைச் சுற்றவிடுவதும் வாசகர்கள் அறியாததல்ல. இப்படித் தலைமுறை தலைமுறையாய்ச் சொல்லியும், சுற்றியும், உடைத்தும் வந்ததில், நின்றுபோகவிருந்த ஒரு மூச்சாவது திரும்பிற்றா, குறுக்கே மாட்டிக்கொண்ட ஒரு குழந்தையாவது உயிரோடு வெளிவந்ததா என்று கேட்டால் பதில் சொல்லுவாரில்லை.

ஆனால் 2008-ம் வருஷம் செப்டம்பர் மாதம் முதற்கொண்டு நமது நாட்டில் அதே 108-க்கு வேறொரு பொருள் ஏற்பட்டிருக்கின்றது. அந்த எண்ணை டெலிபோனில் அழுத்தினால் எதிர்முனையில் தேவதை யாரும் பேசுவதில்லை. மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிற ஒரு மனுஷனோ மனுஷியோ பேசி, என்ன ஆபத்து, எந்த ஊர், பக்கத்தில் அடையாளம் என்ன என்று கேட்டு, அருகிலிருக்கும் வண்டியை அனுப்புகிறார். வண்டி வந்தவுடன் காசு கேட்பதில்லை, ஜாதி கேட்பதில்லை, இராகுகாலம் கழியட்டும் என்று காத்திருப்பதுமில்லை. பிரசவ வேதனையிலிருக்கும் பெண்களும் ஏராளமாய் இவ்வண்டியில் ஏற்றிப்போகப் படுகிறார்கள். நமது நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 100-க்கு 99-க்கு மேல் ஆஸ்பத்திரியில் நடக்கிறதென்று 2019-21 வருஷத்திய தேசிய குடும்ப நலக் கணக்கு சொல்லுகிறதென்றால், அதற்கு இவ்வண்டியும் ஒரு காரணம் என்பதில் சந்தேகமில்லை. சில சமயங்களில் ஆஸ்பத்திரி சேருமுன் வண்டிக்குள்ளேயே பிள்ளை பிறந்துவிடுவதும், வண்டித் தொழிலாளிகளே அதற்கு வேண்டியதைச் செய்துவிடுவதும் உண்டு. அந்தக் குழந்தைக்கு ஜாதகம் எழுத வருகிற ஜோசியர், ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு லக்கினம் எப்படிக் கணிப்பாரோ நமக்குத் தெரியாது!

நிற்க, நாம் இதை எழுதப் புகுந்ததன் காரணம் வேறு. கிராமங்களில் இவ்வண்டியைப்பற்றி ஜனங்கள் பேசிக்கொள்ளுவதைக் கேட்டால், “யாரோ புண்ணியவான் விட்ட வண்டி” என்றும், “மகராசன் தர்மம்” என்றும், “ஓசி வண்டி” என்றும் சொல்லுகிறார்கள். சிலர் இன்ன மந்திரி கொடுத்தது என்கிறார்கள். வேறு சிலர் இன்ன முதலாளி கொடுத்தது என்கிறார்கள். வண்டி கொஞ்சம் தாமதித்து வந்து உயிர் போய்விட்டாலோ, “அவன் விதி அவ்வளவுதான்” என்று முடித்துவிடுகிறார்கள். முதலில் புண்ணியம், முடிவில் விதி. இந்த இரண்டுக்கும் நடுவே, தாமதம் ஏன் என்று கணக்குக் கேட்கவேண்டிய இடமே இல்லாமற் போய்விடுகிறது. பிச்சை போடுகிறவனை ஏன் நேரத்துக்குப் போடவில்லை என்று யார் கேட்பது?

உண்மையில் இந்த வண்டிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? வண்டி வாங்குவதும், டீசல் போடுவதும், மருந்து வாங்குவதும், ஆட்களுக்குச் சம்பளம் போடுவதும் எல்லாம் மாகாண சர்க்கார் பணத்திலும், 2005-ல் ஏற்பட்ட மத்திய சர்க்கார் சுகாதார இயக்கத்தின் பணத்திலுமேயாகும். நடத்துவது மாத்திரம் ஒப்பந்தம் பெற்ற ஒரு ஸ்தாபனம். சர்க்கார் பணம் என்பது என்ன? கோட்டைக்குள் காய்க்கிற காயா? தீப்பெட்டி வாங்குகிறவனும், சோப்பு வாங்குகிறவளும், செருப்பு வாங்குகிறவனும், பஸ்ஸுக்கு டீசல் எரிவதால் டிக்கெட்டுக்கு அதிகம் கொடுக்கிறவனும் கொடுத்த வரிதானே! வருமான வரி கட்டுகிறவர்கள்தான் வரி கட்டுகிறவர்கள் என்று ஒரு எண்ணம் படித்தவர்களுக்குள் இருக்கிறது. கூலிக்காரன் வாங்குகிற கால் ரூபாய்ச் சாமானில் எத்தனை பைசா வரியென்று அவனுக்குச் சொல்லுவாரில்லாததால், தன் பணத்தில் ஓடுகிற வண்டியைப் பார்த்து அவனே கும்பிடுகிறான்.

இவ்வண்டியின் பிறப்பு வரலாற்றிலேயே இதற்கு ஒரு நல்ல பாடம் இருக்கின்றது. 2005-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி, ஆந்திர நாட்டில், சத்யம் கம்பெனித் தலைவராயிருந்த இராமலிங்க ராஜுவும் அவர் குடும்பத்தாரும் ஏற்படுத்திய இ.எம்.ஆர்.ஐ. என்னும் ஸ்தாபனம் இந்த 108 வேலையை ஆரம்பித்தது. முதலில் அவர்கள் பணம் போட்டது மெய்தான். அந்த ஏற்பாடு புத்திசாலித்தனமான ஏற்பாடு என்பதும் மெய்தான். அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கொஞ்ச காலத்துக்குள்ளாகவே நடைமுறைச் செலவில் பெரும்பகுதியை அந்த மாகாண சர்க்கார் ஏற்றுக்கொண்டது. அப்படியிருந்தும் பேர் என்னவோ பிரபுவின் பேர்தான். பிறகு மற்ற மாகாணங்களும் அந்த ஸ்தாபனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டன. நமது நாட்டில் ஆரம்பித்து நாலு மாதங்கூட நிறையவில்லை. 2009 ஜனவரி 7-ந் தேதி அதே கனவான், தமது கம்பெனிக் கணக்கில் பல ஆயிரங்கோடி ரூபாய்க்குப் பொய் எழுதிவந்ததாகத் தாமே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டு சிறை சென்றார். 2015-ல் கோர்ட்டும் அவரைக் குற்றவாளியென்றே தீர்ப்புச் சொல்லிற்று.

அந்த ஜனவரி மாதத்தில் 108 வண்டிகள் அடியோடு நின்றுபோகாமற் போனதற்குக் காரணம் என்ன? தர்மப் பிரபுவின் மனமிளகியதா? அவர் சிறையிலிருந்தார். பகவான் கருணையா? பகவானுக்கு டீசல் வாங்கிக் கொடுத்துப் பழக்கமில்லை. செலவில் பெரும்பகுதி சர்க்கார் கஜானாவிலிருந்து போய்க்கொண்டிருந்தது என்பதுதான் காரணம். அவ்வருஷமே ஜி.வி.கே. என்னும் வேறொரு முதலாளிக் கூட்டத்தார் நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டார்கள். நிர்வாகி மாறினார், பலகையில் பேர் மாறிற்று, பணம் கொடுத்த ஜனங்கள் மாத்திரம் மாறவில்லை. அந்த வண்டிகள் முழுக்க முழுக்க ஒரு செல்வவானுடைய நன்கொடையிலேயே ஓடியிருக்குமானால், ஐதராபாத்தில் ஒருவர் எழுதிய பொய்க்கணக்குக்காகத் திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு கர்ப்பஸ்திரீ நடு ரோட்டில் கிடந்திருப்பாள். தர்மத்தை நம்பி உயிரை வைப்பதென்பது இதுதான்.

இது நமது நாட்டுக்கு மாத்திரம் உள்ள விஷயமுமல்ல. வெகு நாகரிகமுள்ள தேசமென்று பேர்பெற்ற அமெரிக்காவில் 1966 வரையிலும் ஆம்புலன்ஸ் வேலை யார் கையிலிருந்தது தெரியுமா? அவ்வருஷம் அந்நாட்டு விஞ்ஞானக் கழகத்தார் வெளியிட்ட ஒரு அறிக்கைப்படி, ஏறக்குறையப் பாதி ஆம்புலன்ஸ்களைப் பிண அடக்கம் செய்யும் தொழில் நடத்துகிறவர்களே விட்டுக்கொண்டிருந்தார்கள். ஏனெனில் ஆளைப் படுக்கவைத்துக் கொண்டுபோகிற நீளமான வண்டி அவர்களிடந்தான் இருந்தது. நோயாளி பிழைத்தால் வண்டிக்கூலி, செத்தால் சவப்பெட்டி வியாபாரம். எந்தப் பக்கம் லாபம் அதிகமென்று வாசகர்களே யோசித்துக் கொள்ளலாம்! பல ஊர்களில் போலீசாரின் வேனில் மூட்டையைப்போல் தூக்கிப் போட்டுக்கொண்டு போவதே வழக்கமாயிருந்தது.

அதே அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் ஹில் டிஸ்ட்ரிக்ட் என்று கறுப்பர்கள் வசிக்கும் ஒரு பகுதி உண்டு. நம் ஊர்ச் சேரியைப்போலவே வெள்ளையர் ஒதுக்கிவைத்த பகுதி. அங்கே 1967-ல் “பிரீடம் ஹவுஸ்” என்று ஒரு ஏற்பாடு தோன்றிற்று. வேலையில்லாமல் திரிந்தவர்கள், பள்ளிப்படிப்பை முடிக்காதவர்கள், உருப்படமாட்டார்கள் என்று ஊரார் தள்ளிவைத்தவர்கள், இப்படிப்பட்ட கறுப்பு வாலிபர்களைப் பொறுக்கியெடுத்து, பீட்டர் சஃபார் என்னும் டாக்டர் பல மாதம் பயிற்சி கொடுத்தார். மூச்சு நின்றவனுக்கு வாயோடு வாய்வைத்து மூச்சூட்டும் முறையை நிலைநாட்டியவர்களில் இவர் ஒருவர். அந்த வாலிபர்கள் வண்டியேறியபிறகுதான், போகிற வழியிலேயே வைத்தியம் செய்வதென்பது அந்நாட்டார் கண்ணுக்குத் தெரிந்தது. பின்னால் நாடு முழுவதும் ஏற்பட்ட ஆம்புலன்ஸ் வைத்தியத் தொழிலாளருக்கு இவர்களே முன்னோடிகள். ‘தகுதி, திறமை’ பேசுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். பயிற்சி கொடுத்தபிறகு தகுதி எங்கிருந்தோ வந்துவிட்டதே! ஆனால் முடிவு என்னவாயிற்று? 1975-ல் நகரசபை தானே ஆம்புலன்ஸ் நடத்துவதாய் எடுத்துக்கொண்டு இந்த ஸ்தாபனத்தை மூடிவிட்டது. புது ஏற்பாட்டில் பழைய கறுப்புத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு நாளடைவில் இடமில்லாமற் செய்யப்பட்டது. பொதுப்பணத்தில் நடத்துவது சரி. அந்தப் பொதுவில் யார் யாருக்குப் பங்கு என்பதையும் கூடவே கேட்காவிட்டால் இப்படித்தான் ஆகும்.

இங்கிலாந்தில் 1948-ம் வருஷம் ஜூலை 5-ந் தேதி முதல் வைத்தியத்தைப் போலவே ஆம்புலன்சும் பொதுப்பணத்தில் நடக்கும்படி செய்தார்கள். அங்கே வண்டியேறுகிறவன் பணப்பையைத் தடவிப் பார்க்கவேண்டியதில்லை. அமெரிக்காவிலோ, எதிர்பாராத வைத்திய பில்லினின்று ஜனங்களைக் காப்பதற்கென்று 2022-ல் அமுலுக்கு வந்த சட்டத்திலேயே ஆகாய ஆம்புலன்சைச் சேர்த்து, ரோட்டில் ஓடும் ஆம்புலன்சை விட்டுவிட்டார்கள். பறக்கிறவனுக்குப் பாதுகாப்பு, தரையில் போகிறவனுக்கு பில்!

ஆம்புலன்ஸ் என்பதன் முதல் எண்ணமே சமத்துவ எண்ணம் என்பதை இங்கு சொல்லவேண்டும். 1790-களில் பிரெஞ்சுப் படையில் டாக்டராயிருந்து, பின்னர் நெப்போலியனுடைய படையோடு சென்ற லாரே என்பவர், அடிபட்டவர்களைச் சண்டை முடியும்வரை களத்திலேயே கிடக்கவிடும் வழக்கத்தை மாற்றி, குதிரை பூட்டிய இலேசான வண்டிகளை அனுப்பி உடனுக்குடன் எடுத்துவரச் செய்தார். யாரை முதலில் கவனிப்பது? காயம் பெரியதாயிருக்கிறவனை. அவன் தளபதியா சிப்பாயா, நம்மவனா எதிரியா என்பது கணக்கில்லை. அதாவது பதவியும் பிறப்பும் இரத்தம் ஒழுகுகிற இடத்தில் செல்லாது என்றார். மனு எழுதியவருக்கு இது தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! இரத்தத்திலும் ஏ, பி, ஏபி, ஓ என்று நான்கு வகை உண்டுதான். ஆனால் அவை நால்வருணமல்ல. அக்கிரகாரத்து ஓ வகையும் சேரியின் ஓ வகையும் ஒன்றுதான் என்று, சாகக் கிடக்கிற வேளையில் எந்தச் சனாதனியும் ஒப்புக்கொள்ளுகிறார். எழுந்து உட்கார்ந்த பிறகுதான் மறந்துபோகிறார்.

சரி, வண்டி கொண்டுபோய்ச் சேர்த்தால் மட்டும் போதுமா? ஆஸ்பத்திரிக் கதவு திறக்கவேண்டாமா? 1992-ம் வருஷம் ஜூலை மாதம் மேற்கு வங்காளத்தில் விவசாயக் கூலிகள் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயமடைந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் பல சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு அலைந்தார்கள். ஓரிடத்தில் வசதியில்லை, ஓரிடத்தில் படுக்கையில்லை. கடைசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். கூலிக்காரனுக்கு 1992-ல் 17,000 ரூபாய் என்றால் எத்தனை வருஷத்துக் கூலி? அவருடைய சங்கம் சும்மா இருக்கவில்லை. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், 1996 மே மாதம் தீர்ப்பு வாங்கிற்று. ஆபத்து வேளையில் வைத்தியம் மறுப்பது உயிர் வாழும் உரிமையை மறுப்பதாகும் என்றும், அதற்கு 25,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்கவேண்டும் என்றும், இவ்விஷயத்தில் பணமில்லையென்று சர்க்கார் சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாதென்றும் கோர்ட்டு சொல்லிற்று. இந்தக் கடைசி வார்த்தையைத்தான் நமது தோழர்கள் மனப்பாடம் செய்துகொள்ளவேண்டும். சஹஸ்ரநாமத்தைவிட இது சுருக்கமானது.

இதற்கு முன்னே 1989-ம் வருஷத்திலேயே, போலீஸ் கேசாயிருந்தாலும் முதலில் உயிரைக் காப்பாற்று, பிறகு காகிதத்தைப் பார் என்று அதே கோர்ட்டு எல்லா டாக்டர்களுக்கும் சொல்லியிருக்கிறது. உதவிசெய்யத் தூக்கிவந்தவனைப் போலீசார் சாட்சி கூண்டுக்கு இழுக்கக்கூடாதென்று 2016-ல் உத்தரவும் 2019-ல் சட்டமும் வந்துவிட்டன. ஆகையால் ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவனைச் சுற்றி நின்று படம் பிடிப்பவர்களுக்கு இனி அந்தச் சாக்கும் இல்லை.

பணத்தைப்பற்றியும் சில நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். 2021 டிசம்பர் 18-ந் தேதி மேல்மருவத்தூரில் தொடங்கிய “இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48” என்னும் திட்டத்தில், ரோட்டில் அடிபட்டவன் எந்த ஊர்க்காரனாயிருந்தாலும், முதல் 48 மணி நேர வைத்தியத்துக்கு, ஆரம்பத்தில் 1 லட்சம் ரூபாய் வரையில், சர்க்காரே கொடுப்பதென்று ஏற்பட்டது. பட்டியலில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் இது செல்லும். 2025 மே மாதத்தில் மத்திய சர்க்காரும் 7 நாள் வரைக்கும் ஒன்றரை லட்சம் ரூபாய் என்று ஒரு திட்டம் வெளியிட்டார்கள். இடித்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருந்தால் கம்பெனிகள் போடும் நிதியிலிருந்தும், இல்லாவிட்டாலோ இடித்துவிட்டு ஓடிப்போனாலோ சர்க்கார் பணத்திலிருந்தும் கொடுப்பதாக ஏற்பாடு.

ஆனால் இவ்விரண்டும் மோட்டார் இடித்தவனுக்குத்தான். பனையேறி விழுந்தவனுக்கு, கிணறு வெட்டும்போது மண் சரிந்து மூடியவனுக்கு, வயலில் பாம்பு தீண்டியவளுக்கு, பூச்சிமருந்து அடிக்கும்போது மயங்கி விழுந்தவனுக்கு இவை இல்லை. சர்க்கார் ஆஸ்பத்திரி அவர்களுக்கு இலவசந்தான், மறுக்கவில்லை. அது பக்கத்தில் இருந்து, இராத்திரியில் டாக்டரும் இருந்தால் சரி. இல்லாமல் கிட்டத்திலுள்ள தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினால் முதலில் கவுண்டரில் பணம் கட்டச் சொல்லுகிறார்கள். சாவு நெருங்குகிற வேகம் ரோட்டுக்கு ஒன்று, வயலுக்கு ஒன்றா? உழுகிறவனுடைய உயிருக்கும் மோட்டாரில் போகிறவனுடைய உயிருக்கும் எந்தச் சாஸ்திரப்படி வித்தியாசம் என்று கேட்கிறோம்.

2023 மே மாதம் வேலூர் ஜில்லா அல்லேரி மலையில் நடந்த சம்பவத்தைப் பலர் மறந்திருக்கலாம். ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு தீண்டிற்று. மலையிலிருந்து இறங்க ஒழுங்கான பாதையில்லை. ஆஸ்பத்திரி சேருமுன் குழந்தை இறந்துபோயிற்று. அதோடு முடிந்ததா? பரிசோதனை முடிந்து பிணத்தை ஏற்றிக்கொண்டு வந்த ஆம்புலன்சும் இதற்குமேல் வண்டி போகாதென்று நடுவழியில் நின்றுவிட்டது. தாய் அந்தப் பிணத்தைக் கையில் சுமந்துகொண்டு மலையேறினாள். இங்கே வண்டி இருந்தது, டிரைவர் இருந்தார், டீசல் இருந்தது. ரோடு இல்லை. ஆகவே ஆம்புலன்ஸ் கணக்கென்றால் வண்டிக்கணக்கு மாத்திரமல்ல, ரோட்டுக் கணக்கும் அதில் சேர்ந்ததுதான்.

பாம்புக்கடிக்கு மருந்து எப்படி வருகிறதென்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம். மந்திரிக்கிறவன் வாயிலிருந்தல்ல. செங்கற்பட்டுப் பக்கத்து இருளர்கள் 1978-ல் கூட்டுறவுச் சங்கம் வைத்து, நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்து விஷம் எடுத்துக் கொடுக்கிறார்கள். அதைக் குதிரைகளுக்குச் சிறிது சிறிதாய் ஏற்றி, அவற்றின் இரத்தத்திலிருந்து மருந்து தயாரிக்கிறார்கள். யாரைக் காட்டுமிராண்டி என்று ஊருக்கு வெளியே வைத்தோமோ, அவன் கைபட்ட விஷந்தான் இன்று மடாதிபதிக்கும் மருந்து.

மலையை விடுவோம். சமவெளியில் எத்தனை ஊர்களில் தேரோடும் வீதி நாலு வண்டி போகும் அகலமாயும், சேரிக்குள் போகிற பாதை ஒரு கட்டைவண்டிக்கும் இடமில்லாமலும் இருக்கின்றது! ஆம்புலன்ஸ் ஜாதி பார்ப்பதில்லை என்று மேலே சொன்னோம். ஆனால் ரோடு ஜாதி பார்த்தே போடப்பட்டிருக்குமானால், வண்டி என்ன செய்யும்? ஊர்த்தெருவில் வாசலில் வந்து நிற்கும். சேரியில் முனையில் நின்றுவிடும். முனையிலிருந்து குடிசை வரைக்கும் கட்டிலில் வைத்துத் தூக்கிவரவேண்டும். அந்த ஐந்து நிமிஷம் யார் வாங்கின கடன்?

இவ்வண்டியில் வேலை செய்கிற தொழிலாளர் சங்கதியும் நன்றாயில்லை. டிரைவருக்குப் ‘பைலட்’ என்று பெரிய பேர் வைத்திருக்கிறார்கள்; வேலையோ 12 மணி நேர ஷிப்டு. எட்டு மணி நேர வேலையும், வேலை நிரந்தரமும், தீபாவளி போனசும் கேட்டு அவர்கள் சங்கத்தார் அடிக்கடி கிளர்ச்சி செய்யவேண்டியிருக்கிறது. அவர்கள் சர்க்காருக்கும் ஆட்களல்லவாம்; ஒப்பந்த ஸ்தாபனத்துக்கு ஆட்களாம். பணம் ஜனங்களுடையது, உத்தரவு சர்க்காருடையது, குறை கேட்கப்போனால் மாத்திரம் கம்பெனியினுடையது! 12 மணி நேரம் விழித்திருந்த கண்ணை நம்பி, நடு இராத்திரியில் 100 கிலோ மீட்டர் வேகத்தில் நம் வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சியை அனுப்புகிறோம் என்பதை யோசித்தால், இது தொழிலாளியின் பிரச்சினை மாத்திரமல்ல என்று விளங்கும்.

வண்டிக்கு வழிவிடாதவனுக்கு 10,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் சட்டம் செய்திருக்கிறார்கள். நல்லதுதான். சாமி ஊர்வலமும் கட்சி ஊர்வலமும் அடைத்துக்கொண்டு நின்றால் இந்த 10,000 ரூபாயை யாரிடம் வசூலிப்பது, உற்சவமூர்த்தியிடமா, தலைவரிடமா என்பதைச் சட்டம் செய்தவர்கள் சொல்லவில்லை.

கிராமத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் ஊர்தோறும் கிராமசபை கூடவேண்டும் என்பது ஏற்பாடு. அடுத்து வருகிற கூட்டத்துக்குச் சேரியிலிருந்தும் தெருவிலிருந்தும் ஆணும் பெண்ணுமாகப் போய், நமது ஊருக்கு மிகவும் கிட்டத்தில் நிற்கிற 108 வண்டி எந்த ஊரில் நிற்கிறது, அது வந்துசேர எத்தனை நிமிஷம் பிடிக்கிறது, எந்தெந்தத் தெருவுக்குள் வண்டி நுழையாது, கிட்டத்து ஆஸ்பத்திரியில் இராத்திரியில் டாக்டரும் பாம்புக்கடி மருந்தும் உண்டா என்று கேளுங்கள். வண்டி நுழையாத பாதைக்கு இவ்வளவு அகலம் வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவாருங்கள். வாய்மொழியாய்ப் பதில் சொன்னால் ஒப்புக்கொள்ளாமல், தீர்மானப் புத்தகத்தில் எழுதச்சொல்லி, நகல் ஒன்று வாங்கி நமக்கும் அனுப்புங்கள். வருகிறதை ஊர்ப்பேரோடு வெளியிடுகிறோம்.